ஏனோக்கண்ணனின் குழியும் என் வாசலும்

எனக்கு ஏனோக்கண்ணனைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் ஏனோக்கு. ‘அண்ணன்’ என்பது முப்பது வருட வாய்ப்பழக்கம். அதில் மரியாதை எவ்வளவு என்று யாரும் தோண்டிப் பார்க்க வேண்டாம். கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைனில் அவர் வீடும் என் வீடும் ஒட்டியவை, நடுவில் ஒரே சுவர். அவர் இருமினால் என் அடுப்படியில் கேட்கும். நான் அவரைத் திட்டினால் அவர் கட்டிலில் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் திட்டுவேன்.

அவருக்கு வயது அறுபத்து நாலு. பத்தொன்பது வயதில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி சுரங்கத்துக்குள் இறங்கியவர், மைன் மூடும்போதுதான் கடைசியாக வெளியே வந்தார். பிறகு பெங்களூரில் செக்யூரிட்டி வேலை, இப்போது வீட்டோடுதான். சுரங்கத்தில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பியால் தலைக்கு மேலே உள்ள பாறையைத் தட்டிப் பார்ப்பார்களாம். டங்கென்று கேட்டால் நல்ல பாறை. டொப்பென்று கேட்டால் எந்த நிமிஷமும் விழும், ஓடு. அப்படி ஒருநாள் இவர் தட்டியதால் ஐந்து பேர் உயிரோடு மேலே வந்தார்கள். அதில் ஒருவர் எதிர் லைன் அப்பாதுரை. அவர் இன்றைக்கும் புத்தர் படத்துக்கு அடுத்தபடியாக ஏனோக்கண்ணனைத்தான் கும்பிடுவார். அந்தக் கதையை நான் நூறு முறை கேட்டாகிவிட்டது. அந்தப் பழக்கமும் அவரை விடவில்லை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பார். சர்ச்சில் எல்லோரும் தலைகுனிந்து ஜெபிக்கும்போது இவர் மட்டும் கூரையைச் சோதித்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் என் குல்குல்லுக்கு அவரைவிடப் பெரிய ரசிகர் கிடையாது. நான் வீட்டிலேயே ஆர்டருக்குப் பலகாரம் செய்கிறவள். கிறிஸ்துமஸ், கல்யாணம், பேர் வைக்கும் விசேஷம் எதுவானாலும் இந்த லைனில் குல்குல்லும் அச்சுமுறுக்கும் இந்த பியூலா கையால்தான். மைதா உருண்டையைச் சீப்பில் வைத்து அழுத்திச் சுருட்டி, பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டுவது சும்மா இல்லை, விரல் நுனி வெந்துபோகும். ஏனோக்கண்ணன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே வாசனை பிடித்து வந்து கைநிறைய அள்ளிக்கொண்டு போவார். டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை. சுகர் வந்து பத்து வருஷமாகியும் அந்த நாலு மூன்றாகவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில் அவருடைய இடது காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள். அவர் மனைவி ஞானசுந்தரி அதிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போகிறவள். என் வீட்டுக்காரர் ஃப்ரெடியும் அதே ரயிலில்தான் போகிறார். அவளுக்கு லீவு கிடைக்காத நாளில், கட்டுப் பிரிக்க நான்தான் ஏனோக்கண்ணனை ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்ஸ் சங்கமித்ரா அவர் பாதத்தில் ஒரு குச்சியால் ஐந்தாறு இடத்தில் குத்தினாள். அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குத்துறது தெரியுதா?”

“எப்ப குத்தப் போற?” என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “இவருக்கு ரெண்டு பாதத்துலயும் உணர்ச்சி இல்லக்கா. முள்ளு ஏறுனாலும் தெரியாது. தெனமும் கண்ணாடிய கீழ வெச்சி பாதத்த பாக்கணும். இன்னொரு புண்ணு வந்தா அடுத்தது வெரல் இல்ல, காலுதான். நீங்க பக்கத்துல தானே கீறீங்க? பாத்துக்குங்க.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனுஷனுக்கு ஞானோதயம் வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். அதோடு விட்டாரா? நேற்றுவரை என் டப்பாவில் கைவிட்டவர் இன்றைக்கு ஊரைத் திருத்தப் புறப்பட்டார். சர்ச்சில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, திருவிருந்துக்கு வைக்கும் திராட்சைச் சாற்றில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்றார். பாஸ்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில் கேசரி வாளியைக் கையிலேயே பிடித்து நிறுத்தினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு வார்த்தை கேட்டார். நான்கூடக் கேட்கத் தயங்கும் வார்த்தை.

பிறகு கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் லைனில் கிறிஸ்துமஸ் அன்று பலகாரத் தட்டு வீடு வீடாகப் போகும். இந்து வீடு, புத்த வீடு என்று பார்ப்பதில்லை. வாங்கிக்கொண்டவர்கள் தட்டை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒரு பழமாவது வைத்துத் தருவார்கள். நான் ஞானசுந்தரிக்காகத்தான் தட்டை எடுத்துப் போனேன். இவர் வாசலில் வழிமறித்தார்.

“இத்த எடுத்துனு போ பியூலா. என் வூட்டுக்குள்ள வெசம் வேணாம்.”

“வெசமா? மூணு நாளு முதுகு ஒடிய குந்தி செஞ்சது வெசமா?”

“நான் சொல்லல. என் வெரலு சொல்லுது.”

மூடிய துணியைக்கூட எடுத்துப் பார்க்காமல் தட்டை என் கையில் திணித்தார். எதிர் லைனில் பத்துப் பேர் பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் தட்டைத் திருப்பி அனுப்புகிறவன் மனுஷனா? வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு சுவரைப் பார்த்து நன்றாகத் திட்டினேன். ஜனவரியில் என் ஆர்டர்கள் குறைந்தன. “ஏனோக்கு சொல்றதும் சரிதானே” என்று நாலு பேர் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அவருடைய அடுத்த பைத்தியம் தோட்டம். கடைக் காய்கறியை நம்பக் கூடாது, தான் தின்பதைத் தானே விளைவிக்க வேண்டும், சோற்றைக் குறைத்து கீரையும் காயும் தின்றால் சுகர் இறங்கும், மிச்சக் கால் தப்பும். இதுதான் திட்டம். திட்டத்தில் தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். பின்கட்டில் அரைக்கீரை, அவரை, பாகல் போட்டார். முளைத்தது, நாலு இலை விட்டது, மஞ்சளடித்துச் செத்தது. மறுபடி போட்டார். மறுபடி செத்தது. கடப்பாரையை எடுத்துக் குத்திப் பார்த்தார். ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், மாவு போல, மில் மண்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தங்கம் எடுப்பதற்காகக் கல்லை அரைத்து, சயனைடில் அலசி, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டித்தான் இங்கே மலை மலையாக நிற்கிறது. அதன்மேல் புல் முளைப்பதே பெரிய விஷயம். ஆனால் அந்தக் காலத்தில் அது சும்மா கிடைத்த மண். மழைத் தண்ணீர் தேங்கிய பின்கட்டையெல்லாம் எங்கள் பெரியவர்கள் அதை வாரிப் போட்டுத்தான் மேடாக்கினார்கள். இவர் வீட்டில் வண்டி வண்டியாகக் கொட்டியவர் இவருடைய அப்பா.

“நாலு பழைய பக்கெட்டுல நல்ல மண்ணு போட்டு வைங்கண்ணா, போதும்,” என்றார் ஃப்ரெடி.

“பக்கெட்டுல வெக்கறது அழகுக்கு. எனக்கு மூணு வேள தின்னணும். எங்கப்பன் கொட்னத நான்தான் வாரணும்.”

பிப்ரவரியில் தோண்ட ஆரம்பித்தார். அது தோட்ட வேலை இல்லை, சுரங்க வேலை. காலை ஆறரைக்கு அவரே ஒரு விசில் ஊதுவார், ஷிப்ட் ஆரம்பம். பத்தரைக்கு இன்னொரு விசில். சுரங்கத்தில் போட்ட பழைய ரப்பர் கம்பூட்ஸை மாட்டிக்கொள்வார். குழி சரியாமலிருக்கப் பக்கவாட்டில் பெட்டிப் பலகைகளை நிறுத்தி முட்டுக் கொடுத்தார். இரும்புக் கம்பியால் குழியின் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். இடுப்பளவு ஆழத்துக்குப் போன பிறகும் மில் மண் தீரவில்லை.

அந்த மண்ணை எங்கே கொட்டுவது? பின்னால் வழியில்லை. கூடையில் அள்ளி, வீட்டுக்குள் புகுந்து, முன்பக்கமாக வந்து, லைன் கடைசியில் இருக்கும் பொட்டலில் கொட்ட வேண்டும். பொட்டலுக்குப் போக வழி என் வாசல். தினமும் நாற்பது, ஐம்பது கூடை. காற்றடித்தால் அந்தப் பொடி என் கதவில், என் கொடித் துணியில், கடைசியில் ஒரு கல்யாண ஆர்டருக்கு ஆற வைத்திருந்த மூன்று தாம்பாளம் குல்குல்லில். வாயில் போட்டால் நறநற. அத்தனையையும் கொட்டினேன். அன்றைக்கு நான் விடவில்லை.

“நூறு வருசத்து மண்ணு பியூலா. அதுல இருந்த சயனைடு எப்பவோ போயிடுச்சி. ஒண்ணும் ஆவாது.”

“ஒண்ணும் ஆவாதுன்னா உங்க செடி மட்டும் ஏன் செத்துச்சி?”

அவர் கொட்டிக் கிடந்த குல்குல்லைப் பார்த்தார். “போனா போவட்டும் உடு. ரெண்டுல இந்த மண்ணுதான் கொறஞ்ச வெசம்.”

அவ்வளவுதான். முப்பது வருடமாக ‘நீங்க’ என்று சொன்ன வாய் வழுக்கியது. “உன் காலு போனாத்தான் உனக்குப் புத்தி வரும்!” என்று லைனே கேட்கக் கத்தினேன். அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

சாம்பல் புதன் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாற்பது நாளும் நான் கறி, மீன், முட்டை தொட மாட்டேன். யாரையும் திட்டவும் மாட்டேன் என்று அந்த வருஷம் கூடுதலாக ஒரு பொருத்தனை செய்தேன். யாரையும் என்றால் யாரை என்று கர்த்தருக்குத் தெரியும். வாயைக் கட்டிய கோபம் கைக்கு இறங்கியது. எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், தினமும் அவருடைய ஷிப்ட் முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை எடுத்து, அவர் நடந்த தடம் தெரியாமல் என் வாசலைத் தேய்த்துக் கழுவுவேன். அவர் பார்க்கும்படியாகக் கழுவுவேன்.

லெந்தின் இரண்டாவது திங்கட்கிழமை, கழுவக் குடத்தோடு வந்தபோது வாசல் சிமெண்டில் சிவப்பாகத் திட்டுகள். ஒரு அடி விட்டு ஒரு அடிக்கு. அவருடைய கம்பூட்ஸ் குதியில் இருக்கும் வட்டக் கோடுகள் அதில் பதிந்திருந்தன. பூட்ஸின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ரத்தம். அவருடைய ரத்தம். நர்ஸ் சொன்னதும் அப்படியே காதில் கேட்டது.

அவர் காலிக் கூடையோடு பொட்டலிலிருந்து திரும்பி வந்தார். நின்றார். சிவப்பைப் பார்த்தார். என் கையிலிருந்த குடத்தைப் பார்த்தார். வாயைக் கோணினார். அதன்மேலேயே மிதித்து நடந்து போனார்.

தெரிந்துதான் நடக்கிறார் என்று நினைத்தேன். திமிர். காலில் ரத்தம் வருவது தெரிந்தும் எனக்கெதிரே வீம்பு காட்டுகிறார், நானாக வாயைத் திறந்து ‘அண்ணா, கால்ல ரத்தம்’ என்று கெஞ்ச வேண்டும் என்று பார்க்கிறார். கெஞ்ச மாட்டேன். தண்ணீரை ஊற்றினேன். தேய்த்தேன். சுத்தமாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமையும் இருந்தது. கழுவினேன். புதன்கிழமையும் கழுவினேன். வியாழக்கிழமை சிவப்போடு வேறு ஏதோ கலந்திருந்தது, ஈ மொய்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு குடம் ஊற்றிக் கழுவினேன். சாயங்காலம் லெந்து கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் முழங்கால் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விசில் சத்தம் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை சுவருக்கு அந்தப் பக்கம் ஞானசுந்தரி அலறினாள். காய்ச்சலில் கிடந்தவரின் கறுப்பு சாக்ஸை அவள் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறாள். முட்டுக் கொடுத்த பெட்டிப் பலகையின் ஆணி ஒன்று வலது பூட்ஸின் அடியில் ஏறி நின்று, பாதத்தைக் குத்திக்கொண்டேயிருந்திருக்கிறது. நாலு நாள் அந்த ஆணியோடு நடந்திருக்கிறார். கோலாருக்குக் கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்தார்கள்.

அவர் ஈஸ்டர் கழித்து வீட்டுக்கு வந்தார். லைன் முழுக்கப் போய்ப் பார்த்தது. நான் போகவில்லை. பத்தாம் நாள் ஞானசுந்தரியே வந்தாள். வேலைக்குக் கிளம்பின புடவை, கையில் டிபன் பை.

“அக்கா, பகல்ல ஒருவாட்டி அவர எட்டிப் பாருங்களேன். உங்க மேல இன்னும் கோவமா இருக்காருன்னு நெனைக்காதீங்க. எனக்கு உங்கள உட்டா யாரு கீறாங்க?”

இந்த வார்த்தை என்னை அறுத்தது. அன்றே போனேன். பின்கட்டில் குழியின் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டி வலது பக்கம் பாதியிலேயே மடிந்து கிடந்தது. நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“அண்ணா, நான் ரத்தத்த பாத்தேன்.”

“எந்த ரத்தம்?”

“என் வாசல்ல. உங்க பூட்ஸ் ரத்தம். நாலு நாளு பாத்தேன். பாத்துட்டு கழுவிட்டேன். உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன். நீங்களும் நின்னு பாத்தீங்களே அண்ணா.”

அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தேன். கோழி ரத்தம்னு நெனச்சேன்.”

“கோழியா?”

“நீ அறுத்தன்னு நெனச்சேன். முக்காடு போட்டுனு லெந்து கூட்டத்துக்குப் போறா, வூட்ல திருட்டுத்தனமா கோழி அறுத்து, அந்தத் தண்ணிய நான் நடக்கற வழில ஊத்துறான்னு நெனச்சேன். ஞானசுந்தரிகிட்ட கூட சொன்னேன், பக்கத்து வூட்டுக்காரி பக்திய பாருன்னு.”

எனக்கு வந்ததே கோபம். அழ வந்தவள் கத்தினேன். “நாப்பது நாளு முட்ட கூட தொடல நான்!”

“நானும் நாலு மாசம் சக்கர தொடல,” என்றார்.

பிறகு அவர், சுரங்கத்தில் விபத்து நடந்த பின் எங்கே பிசகு என்று பார்ப்பார்களே, அந்தக் குரலில் சொன்னார்: “என் வூட்டுத் தரையில மில் மண்ணு படிஞ்சி ஒண்ணும் தெரியல. நீ கழுவாம உட்டிருந்தா, ரெண்டாம் நாளு அந்தத் தடம் சேந்து சேந்து என் வாசப்படி வரிக்கும் வந்திருக்கும். என் காலுதான்னு தெரிஞ்சிருக்கும்.”

“நீங்க ஒரு வார்த்த என்ன திட்டியிருந்தா, கோழி இல்ல, உங்க ரத்தம்தான்னு சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்ப.” தலையாட்டினார். “இருவது வருசம் மேலயே பாத்த கண்ணு பியூலா. சாவு மேலருந்துதான் வரும்னு நெனச்சேன். கண்ணாடி வெச்சி பாருன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொன்னா. ஒரு நாளு கூட வெக்கல.”

நான் கிளம்பும்போது கூப்பிட்டார். “ஞானசுந்தரிகிட்ட இத்த சொல்லாத.”

“ஏன்?”

“அவ ரயிலுக்குப் போறவ. நம்ம ரெண்டு பேர நம்பித்தான் என் கால உட்டுட்டுப் போனா.”

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெடியும் அப்பாதுரையும் சேர்ந்து மிச்ச மில் மண்ணை வாரினார்கள். டிராக்டரில் ஏரி மண் வந்தது. குழியை நிரப்பும்போது ஏனோக்கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மண்வெட்டி பிடிக்கத் தெரியாதா என்று அவர்களைத் திட்டிக்கொண்டேயிருந்தார். இப்போது அவரைக்கொடி பந்தலில் ஏறியிருக்கிறது. கீரை வாரம் இரண்டு முறை அறுக்கிறார்கள். சுகர் இறங்கியிருக்கிறது என்று சங்கமித்ரா சொன்னாள். போன கிறிஸ்துமஸுக்கு என் தட்டில் குல்குல் வைக்கவில்லை, உப்பு முறுக்கு வைத்தேன். உப்பு அதிகம் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்த தட்டில் ஒரு பிடி அவரைக்காய் இருந்தது, முற்றல்.

அவரை எனக்கு இன்னும் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஞானசுந்தரி எனக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறேன். தினமும் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன். அவர் இடது காலை நீட்டி, தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் தரையில் உட்கார்ந்து, பாதத்தின் கீழே கண்ணாடியைப் பிடித்து, நாலு விரல் இடுக்கிலும் குதியிலும் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல” என்கிறேன். அவர் காலை இழுத்துக்கொள்கிறார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.